பழி ஓரிடம், துளை ஓரிடம்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவற்றின் கூரையில் ஒரே அளவில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். நீளம் 14 அங்குலம், அகலம் 14 அங்குலம். கால் அங்குலம் கூடலாம், அவ்வளவுதான். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும், முப்பது வருஷப் பழசோ போன மாசம் வாங்கியதோ, இந்த அளவு அநேகமாக மாறாது. அந்த ஓட்டையின் மேல்தான் ஏசி உட்கார்ந்திருக்கும். மழையில் வண்டி ஒழுகினால் தண்ணீர் சொட்டுவது பல சமயம் அந்த ஏசியின் ஓரத்திலிருந்துதான். உடனே எல்லோரும் ஏசியைத் திட்டுவார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள் இல்லையா, அதுதான் கதை. இந்தக் கட்டுரையை ஏசிக்காக நான் வாங்கும் வக்காலத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். அந்த ஓட்டைக்கும் மழைக்கும் நடுவில் நூறு வருஷத்துப் பகை இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் உள்ளே வைத்து, தானே ஓடுகிற வண்டி மோட்டார்ஹோம். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போவது ட்ரெய்லர். இரண்டுக்கும் சேர்த்து ஆர்.வி. என்று பொதுப்பெயர். இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் ஊரும் அதன் சுற்றுவட்டாரமும்தான் இந்தத் தொழிலின் தலைநகரம். நாட்டில் செய்யப்படும் ஆர்.வி.களில் மிகப் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. நான் இருப்பது அங்கிருந்து அரை மணி நேரத்தில். அந்த ஊரில் இதற்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. 1913-இல் செய்த ட்ரெய்லர் ஒன்று அங்கே நிற்கிறது. நடிகை மே வெஸ்டை சினிமாவுக்கு இழுக்க பாரமவுன்ட் ஸ்டுடியோ செய்து கொடுத்த 1931 செவர்லே வீட்டுவண்டியும் நிற்கிறது. பின்பக்கம் குட்டித் திண்ணை எல்லாம் உண்டு. போகிறவர்கள் திண்ணையைப் போட்டோ எடுக்கிறார்கள். நான் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வண்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக சுதந்திரம், சாலை, தொடுவானம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். 1910-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஏரோ கம்பெனி காட்சிக்கு வைத்த சொகுசு வண்டியைச் சொல்வார்கள். பின்சீட்டை விரித்தால் படுக்கை, டிரைவரோடு பேச டெலிபோன். அப்புறம் 1919-இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் கூடிய ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ கூட்டம். காரின் ரேடியேட்டரில் ஒரு தகர டப்பாவை அடையாளமாக மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்தவர்கள். எல்லாம் சரிதான். ஆனால் இது ஒரு பெருந்தொழிலாக ஆனதில் மழைக்கு இருக்கும் பங்கை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஆர்தர் ஷெர்மன் என்று டெட்ராய்ட்காரர் ஒருவர். பாக்டீரியா ஆராய்ச்சியாளர், மருந்துக் கம்பெனியின் தலைவரும்கூட. 1929 வாக்கில் குடும்பத்தோடு முகாம் போக மடக்குக் கூடார ட்ரெய்லர் ஒன்றை வாங்கினார். ஐந்தே நிமிடத்தில் விரிந்து மழை புகாத அறையாகிவிடும் என்பது விற்றவர்களின் வாக்கு. முதல் பயணத்திலேயே இடிமழை. ஐந்து நிமிடம் போச்சு, பத்து நிமிடம் போச்சு, கூடாரம் விரியவே இல்லை. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம். கடுப்பான மனிதர் ஊருக்குத் திரும்பி, ஒரு தச்சரைப் பிடித்து, ஆறடி அகலம் ஒன்பதடி நீளத்தில் கெட்டியான பெட்டி வண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதை வைத்தார். ‘கவர்ட் வேகன்’ என்று பெயர். கண்காட்சி முடிவதற்குள் 118 வண்டிகளுக்கு ஆர்டர். 1936-இல் சுமார் 6,000 வண்டிகள் விற்று, நாட்டிலேயே பெரிய ட்ரெய்லர் கம்பெனியாக ஆகிவிட்டது.

ஒரு குடும்பம் நனைந்ததில் பிறந்த தொழில் என்று இதைச் சொன்னால் ரொம்ப மிகை இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: மழைக்கு பயந்து ஷெர்மன் செய்த அந்த முதல் பெட்டியின் உடம்பு மேசனைட். அதாவது மர நாரை அழுத்திச் செய்த அட்டை. தண்ணீர் பட்டால் ஓரத்திலிருந்து உப்பும் சரக்கு. மழையிலிருந்து தப்பிக்க, மழை தாங்காத பொருளால் ஒரு பெட்டி. இந்தத் தொழில் இன்னும் அந்த முரணிலிருந்து முழுசாக வெளியே வரவில்லை.

அந்தக் காலத்தின் பெட்டி வண்டிகள் பலவற்றுக்கும் மரச்சட்டத்தின் மேல் கான்வாஸ் துணி இழுத்துக் கட்டி, அதன்மேல் பெயின்ட் பூசிய கூரை. ஒழுகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வருஷா வருஷம் பூசுவார்கள். 1936-இல் வாலி பையம் தன் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் ‘க்ளிப்பர்’ வண்டியை விமானம் மாதிரி அலுமினியத்தில் ரிவெட் அடித்துச் செய்தார். குளிர்ச்சிக்கு அதில் ஒரு ஏற்பாடும் இருந்தது, உலர் பனிக்கட்டி வைத்து. ஏசி என்று அதைச் சொல்வது கொஞ்சம் தாராளம்தான். அலுமினியம் உப்பாது, மட்காது. ஆனால் ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு ஓட்டை, ஆயிரக்கணக்கில். அதனால்தான் ஒஹையோவின் ஜாக்சன் சென்டரில் இருக்கும் அவர்களின் தொழிற்சாலையில் வண்டிக்குச் செயற்கை மழை பெய்து பார்க்கும் சோதனை இன்றைக்கும் ஒரு முக்கியக் கட்டம்.

இப்போது ஏசிக்கு வருவோம்.

1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த கருவிதான் நவீன ஏசியின் தொடக்கம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே பிரச்சனை வெக்கை இல்லை, ஈரம். காற்றில் ஈரம் ஏறும்போது காகிதம் விரிந்தது, குறையும்போது சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாகப் பொருந்தவில்லை. கேரியர் செய்தது, குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை விட்டு அதிலிருக்கும் தண்ணீரைப் பிரித்து எடுத்தது. அறை குளிர்ந்தது கூடவே கிடைத்த லாபம். ஆக, ஏசி என்பது பிறப்பிலேயே காற்றைப் பிழிகிற இயந்திரம். பிழிந்த தண்ணீர் எங்கேயாவது போயாகணும். வீட்டு ஏசிக்கு ஒரு குழாய் வைத்து வெளியே விடுகிறோம். மோட்டார்ஹோம் கூரையில் உட்கார்ந்திருக்கும் ஏசிக்குப் பல வண்டிகளில் அந்தக் குழாய்கூடக் கிடையாது. அடித்தட்டில் இருக்கும் துளைகள் வழியாகத் தண்ணீர் நேராகக் கூரை மேலேயே வடிந்து, அப்படியே ஓரமாக வழிந்து போகும். ஈரப்பசை மிகுந்த கோடை நாளில் இது லிட்டர் கணக்கில் வரும்.

ஏசி ஏன் கூரைக்குப் போனது? வேறு இடம் இல்லை. முதலில் சிலர் வீட்டு ஜன்னல் ஏசியையே ட்ரெய்லர் சுவரை வெட்டி மாட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த கொஞ்ச இடத்தையும் அது அடைத்துக்கொண்டது. 1966-இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னிபேகோ கம்பெனி கார் மாதிரி அசெம்பிளி லைனில் மோட்டார்ஹோம் செய்ய ஆரம்பித்த பிறகு விலை இறங்கியது. ஓய்வு பெற்றவர்கள் வாங்கினார்கள். குளிர்காலத்தில் ஃப்ளோரிடா, அரிசோனா, டெக்சஸ் என்று தெற்கே போனார்கள். அங்கே ஏசி இல்லாமல் முடியாது. வண்டியில் ஜெனரேட்டரும் முகாம்களில் மின்சாரக் கம்பமும் வந்துவிட்டன. கூரையில் ஏற்கெனவே ஓட்டையும் இருந்தது.

ஆமாம், அந்த 14 அங்குல ஓட்டை ஏசிக்காக வெட்டியது இல்லை. சமையல் புகையும் புழுக்கமும் வெளியேற வைத்த காற்றுப்போக்கிக்கானது. அதன் மூடியை ஒரு கையால் தூக்கிவிடலாம். அந்த மூடியைக் கழற்றிவிட்டு, சுமார் 45 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை அதே ஓட்டையின் மேல் வைத்தார்கள். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. எந்த வண்டிக்கும் எந்த ஏசியும் பொருந்தும். பழசு கெட்டால் கழற்றிப் புதுசு வைத்துவிடலாம். இந்த ஒரு அளவை நம்பி ஒரு சந்தையே வளர்ந்தது. ஆனால் ஒரு மூடிக்கான இடத்தில் ஒரு மனிதனின் எடை வந்து உட்கார்ந்தால், காலப்போக்கில் கூரை அங்கே லேசாகக் குழியும். குழிந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். ஏசி ஒரு சின்னக் குட்டையின் நடுவில் தீவு மாதிரி நிற்கும்.

அந்தத் தீவைக் காப்பாற்றுவது ஒரு ஸ்பாஞ்ச் வளையம். கேஸ்கெட். ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் ஓட்டையைச் சுற்றி அதை வைத்து, உள்ளே இருந்து நான்கு நீள போல்ட்டுகளால் இறுக்குவார்கள். ஒரு அங்குலத்துக்கும் மேல் தடிமனாக இருப்பது சுமார் அரை அங்குலமாக அமுங்க வேண்டும். குறைவாக இறுக்கினால் ஒழுகும். அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு வளையும், ஸ்பாஞ்ச் செத்துவிடும். வண்டி ஓடும் அதிர்வில் போல்ட் தானாகத் தளரும். வருஷத்துக்கு ஒருமுறை உள்மூடியைத் திறந்து நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி, சமமாக இறுக்கினால் பாதிப் பிரச்சனை வராது. செய்கிறவர்கள் குறைவு.

இந்த அமைப்பில் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. தண்ணீர் ஏசியின் அடிக்கு வரக்கூடாது என்பது இதன் நோக்கமே இல்லை. வரட்டும், வழிந்து போகட்டும், ஓட்டைக்குள் மட்டும் இறங்காமல் இருந்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. இது புரியாதவர்கள் செய்கிற முதல் காரியம், ஒரு ட்யூப் சிலிக்கானை வாங்கிக்கொண்டு கூரை ஏறி, ஏசியின் அடியோரம் முழுக்க ஒரு இடம் விடாமல் பூசி அடைப்பது. வெளித்தண்ணீர் உள்ளே போகாது, சரி. ஆனால் ஏசி பிழிந்த தண்ணீர்? அதற்கும் வழி அடைபட்டுவிடும். உள்ளேயே தேங்கி, மட்டம் ஏறி, கேஸ்கெட்டைத் தாண்டி, வீட்டுக்குள் சொட்டும். மழைக்குக் கட்டிய அணை ஏசித் தண்ணீருக்குத் தொட்டியாகிவிடும். கேஸ்கெட்டில் சீலன்ட் பூசாதீர்கள் என்று ஏசி செய்கிறவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். டீச்சர் என்றே இங்கே சொல்கிறேன். கணவர் காலமாகி இரண்டு வருஷம். 1990களின் கடைசியில் செய்த மோட்டார்ஹோம் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். டீச்சரின் திட்டம் அந்த வண்டியிலேயே குடியேறிவிடுவது. வீட்டை விற்றுவிட்டு, குளிர்காலத்தில் அரிசோனா, கோடையில் இங்கே பேரப்பிள்ளைகள் பக்கம். ஓய்வூதியத்தில் வீட்டு வரியும் ரிப்பேரும் கட்டுப்படியாகவில்லை என்றார். வீட்டுக்கு விலை பேசியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஏசியின் இடது மூலையில் சொட்ட ஆரம்பித்தது. ஒரு ரிப்பேர் கடைக்காரர் வந்து பார்த்து, ஏசியை மாற்றணும், உள்ளே மரம் போயிருந்தால் வண்டியே தேறாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. பல வண்டிகளின் சுவரும் கூரையும் சாண்ட்விச். வெளியே ஃபைபர்கிளாஸோ ரப்பரோ, நடுவில் ஃபோம், இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய லவான் ப்ளைவுட். லவான் என்பது பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பெயர். தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காட்டு மரம். வருஷம் முழுக்க மழையில் நின்ற மரம், தகடாக உரித்துப் பசை போட்டு ஒட்டியதும் ஒரு கோப்பைத் தண்ணீருக்குத் தாங்காது. பசை விடும், சுவர் வெளியே புடைக்கும், பூசணம் பிடிக்கும். வெளியே தெரிவதற்குள் உள்ளே முடிந்திருக்கும். விடுமுறைக்கு மட்டும் எடுப்பவருக்கு அது பண நஷ்டம். அதிலேயே குடியிருப்பவருக்கு வீடு போச்சு. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வேனிலும் ட்ரெய்லரிலும் வாழத் தொடங்கிய முதியவர்களைப் பற்றி ஜெசிகா ப்ரூடர் எழுதிய ‘நோமேட்லாண்ட்’ புத்தகத்தையோ, ஆஸ்கர் வாங்கிய அதன் சினிமாவையோ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தின் பாலைவன அந்திவானம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. எனக்கு இப்போது அதை நினைத்தால், இந்தக் கூரைகளின் நிலைமை என்ன என்றுதான் தோன்றுகிறது.

டீச்சரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “மழை பெய்யும்போது சொட்டுதா, ஏசி ஓடும்போது சொட்டுதா?”

“ரெண்டுலயும்தான். சில நாள் மழையே இல்லாம சொட்டுது.”

கசிவு தேடுவதில் பாதி வேலை இந்தக் கேள்விதான். கூரையில் இருப்பது இரண்டு தண்ணீர். ஒன்று வானத்திலிருந்து வருவது, இன்னொன்று ஏசி பிழிந்தது. இரண்டையும் தனித்தனியாக விசாரிக்காமல் ஏணியில் கால் வைக்கக்கூடாது. வெயிலான ஒரு ஜூலை நாளில் ஏசியை மட்டும் ஓடவிட்டோம். இரண்டு மணி நேரத்தில் இடது மூலையில் முதல் சொட்டு விழுந்தது. மறுநாள் ஏசியை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிலும் மட்டும் ஹோஸ் பைப்பால் இருபது நிமிடம் தண்ணீர் விட்டோம். டீச்சர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை. அப்படியானால் மழையில்லாத நாளில் சொட்டியது ஏசித் தண்ணீர். கூரை ஏறிப் பார்த்தால் நினைத்த மாதிரியே, அடியோரம் சுற்றிலும் வெள்ளைச் சிலிக்கான், பாசம் மிகுந்த கையால் அழுத்திப் பூசியது. பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி வழியைத் திறந்துவிட்டதும் உள்ளே தேங்கியிருந்த பழுப்புத் தண்ணீர் ஓடி வந்தது. அந்தக் கசிவு அதோடு நின்றது.

நான்கு நாள் கழித்து ராத்திரி நல்ல மழை. ஏசி ஓடவே இல்லை. அதே மூலையில் சொட்டியது.

இந்த இடத்தில்தான் பலர் தோற்றுப்போய், மறுபடி சிலிக்கானோடு மேலே ஏறுவார்கள். நம்ம ஊர் தார்சு வீட்டில் மொட்டைமாடி எங்கோ வெடித்திருக்கும், தண்ணீர் ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டும், பார்த்திருப்பீர்கள். கொக்கி என்ன தப்பு செய்தது? உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக அங்கேதான் ஒரு ஓட்டை கிடைத்தது. ஏசி நிலைமையும் அதுதான். ஃபோம் சாண்ட்விச்சுக்குள் எங்கிருந்தோ நுழைந்த தண்ணீர், ஒயர் போகும் தடத்தைப் பிடித்து, சட்டத்தை ஒட்டி ஊர்ந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகரும். விட்டத்தில் இருக்கும் பெரிய திறப்பு ஏசி ஓட்டை. அங்கே வந்து வெளிப்படும். வண்டியை வேறு சரிவில் நிறுத்திப் பாருங்கள், சொட்டுகிற இடம் மாறும்.

ஏசியின் உள்மூடியைக் கழற்றி ஓட்டையின் நான்கு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். கேஸ்கெட் காய்ந்திருந்தது, அதன் உள்விளிம்பில் இருந்த தூசிகூடக் கலையவில்லை. ஆனால் அதற்குக் கீழே, கூரையை வெட்டிய விளிம்பில், சாண்ட்விச்சின் குறுக்குவெட்டு தெரியும் இடத்தில், வண்டியின் முன்பக்கம் பார்த்த ஓரம் மட்டும் ஈரம். விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறியது. அப்படியென்றால் தண்ணீர் மேலிருந்து இறங்கவில்லை. கூரைக்குள்ளேயே, முன்னாலிருந்து வருகிறது. டீச்சரின் வாசல் பாதை வேறு சரிவானது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

முன்னால் என்ன இருக்கிறது? 1980களில் இந்தத் தொழிலுக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் கூரை வந்தது. கட்டடங்களின் தட்டைக் கூரையில் போட்டுக்கொண்டிருந்த அதே ரப்பர். மூக்கிலிருந்து வால் வரை ஒரே விரிப்பு, நடுவில் ஒட்டே கிடையாது. பெரிய முன்னேற்றம். ஆனால் விரிப்பு எங்கேயாவது முடிந்துதானே ஆகணும்? முன்னால் ஃபைபர்கிளாஸ் முகப்போடு சேரும் இடத்தில் ஒரு பட்டி வைத்து, வரிசையாக ஸ்க்ரூ அடித்து, மேலே சீலன்ட் ஊற்றுவார்கள். வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் மழைக்குள் போகும்போது அந்த இடத்தைத் தண்ணீர் மேலிருந்து அடிப்பதில்லை, எதிரிலிருந்து அடிக்கிறது. போதாததற்கு இந்தியானாவின் குளிர். விரிசலில் நின்ற தண்ணீர் உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும்.

ஆனால் அந்த வரிசையில் எந்த ஸ்க்ரூ? தண்ணீர் விட்டுத் தேடினால் நாள்கணக்கில் ஆகும், அதோடு ஈரமான கூரைக்கு இன்னும் தண்ணீர் ஊட்டுவது போல. அதற்கு ஒரு தலைகீழ் வழி இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாமல், காற்றை வெளியே தள்ளுவது. ஒரு ஊதல் விசிறியைக் குளியலறை காற்றுப்போக்கியில் மாட்டி (அதுவும் அதே 14 அங்குலம், வாழ்க), மற்ற வழிகளை டேப்பால் அடைத்து, வண்டிக்குள் காற்றழுத்தத்தை லேசாக ஏற்றிவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடம் நுரைக்கும். சைக்கிள் ட்யூப் பஞ்சரை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற அதே சாமர்த்தியம். இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டோடு ஒரு ஏர்ஸ்ட்ரீமும் இருந்தது. 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய மூன்று பேரையும் அடைத்து வைத்த நாசாவின் தனிமை வண்டி. நிலவுக் கிருமி ஏதாவது வெளியே போய்விடுமோ என்ற பயத்தில், உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். கசிந்தால் காற்று உள்நோக்கித்தான் வரணும். கசிவின் திசையை முன்கூட்டியே முடிவு செய்து கட்டிய வண்டி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

விசிறி ஓட ஆரம்பித்ததும் டீச்சர் ஏணியின் மேல்படியில் நின்று தெளித்தார், நான் கூரையில் முட்டிபோட்டபடி பார்த்தேன். ஏசியைச் சுற்றி ஒரு குமிழிகூட வரவில்லை. ஆன்டெனாவின் அடியில் இல்லை. முன்பட்டியில் வலதிலிருந்து வந்தோம். ஓட்டுநர் பக்க மூலைக்கு ஒரு சாண் முன்னால், சீலன்ட்டின் மயிரிழை விரிசலிலிருந்து கொத்தாக நுரை கிளம்பியது. ஏசியிலிருந்து ஏழடி தள்ளி.

பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுக்காமல் புதுசு ஒட்டாது. அன்று சாயங்காலம் முழுக்க அந்த வேலைதான். அடுக்கு அடுக்காக வந்தது. மேலே சாம்பல், அதன் கீழே வெள்ளை, பிறகு மஞ்சளித்த வெள்ளை, மறுபடி சாம்பல். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவர் கணவர் ஏறிப் பூசியது. மூன்றாவது அடுக்கில் ஒரு மேப்பிள் இலை முழுசாக ஒட்டிக்கொண்டு கிடந்தது, நரம்புகூடத் தெரிந்தது. டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இலை கொட்டறதுக்கு முன்னாடி ஏறுங்கன்னு வருஷா வருஷம் சொல்வேன்” என்றார். “கேட்டாத்தானே.”

அடியில் இருந்த இரண்டு ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துக் கையோடு வந்தன. பட்டியைத் தூக்கிப் பார்த்தபோது ப்ளைவுட் உள்ளங்கை அளவுக்கு மட்டும் கறுத்து நொந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தேன், அதற்கு அப்பால் கெட்டி. அந்தத் துண்டை வெட்டி மாற்றி, ப்யூட்டைல் டேப் வைத்து, புது ஸ்க்ரூ அடித்து, ரப்பருக்கென்று விற்கும் சீலன்ட் ஊற்றினோம். ஏசி ஓட்டையின் முன் ஓரத்தில் ஈரம் காய, ஒரு டீஹ்யூமிடிஃபையர் இரண்டு வாரம் உள்ளே ஓடியது. ஏசிக்கு நான்கு போல்ட்டையும் அரைச்சுற்று இறுக்கியதோடு சரி.

அடுத்த மழைக்கு முன்னால் ஏசி ஓட்டையின் நான்கு பக்கமும் டிஷ்யூ பேப்பரை டேப்பால் ஒட்டிவைத்தோம். ஒரு சொட்டு பட்டாலும் கறை காட்டிவிடும். ஆகஸ்ட் கடைசியில் விடிய விடியப் பெய்தது. காலையில் டீச்சர் கூப்பிட்டார், போய்ப் பார்த்தேன். நான்கும் காய்ந்திருந்தன. செப்டம்பரில் இன்னொரு மழை, அப்போதும் அப்படியே. வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்டோபரில், இலை கொட்டி முடிப்பதற்குள், தெற்கே கிளம்பிவிட்டார். கூரையில் இருப்பது அதே பழைய ஏசிதான்.